ஃப்ரீசரில் வைத்த சாவி

ஐஸ்கிரீமில் பாதி காற்று. ஏமாற்று வேலை என்று வாங்குகிறவர்கள் நினைத்துவிடுவார்கள் என்பதால் அந்தக் கடையில் யாரும் இதை வெளியே சொல்வதில்லை. ஆனால் காற்று இல்லாவிட்டால் அது ஐஸ்கிரீமே இல்லை, இனிப்புப் பாறை. பாலையும் சர்க்கரையையும் முட்டைக் கருவையும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு அழியாமல் நிற்கிற பதத்தில் இறக்க வேண்டும். ஆறவைத்து, குளிர்ந்த உருளைக்குள் ஊற்றிக் கடைய வேண்டும். கடைகிற தகடு காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே, உருளையின் சுவரில் படிகிற பனியைச் சுரண்டிச் சுரண்டிப் பொடியாக்கும். பொடி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவுக்கு நாக்கில் வழுக்கும். ஒருமுறை உருகி மறுபடி உறைந்தால் அந்தப் பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மணலைத் தின்பது மாதிரிதான்.

அதனால் அந்தக் கடையின் மூன்று ஃப்ரீசர்களும் நிற்கவே கூடாது. மகள் பிறப்பதற்கு முன்பிருந்து ஓடுகின்றன. பின்சுவரை ஒட்டி இரண்டு பெட்டி ஃப்ரீசர்கள். முகப்பில், கண்ணாடி மூடி போட்ட ஒன்று. பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை. கம்ப்ரசரின் உறுமல் சுவர் வழியாக வந்து கட்டில்காலில் ஏறி தலையணைவரை வரும். அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது கேட்பதே இல்லை. கேட்காவிட்டாலும் அதற்கு மேலே குரலை எடுத்துத்தான் பேசிப் பழகியிருக்கிறார்கள். அப்பா "தண்ணி கொண்டா" என்றால்கூட, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள்.

மகளுக்குக் குடைச்சல் என்று பட்டப்பெயர் வைத்ததும் அப்பாதான். பேசத் தொடங்கிய நாளிலிருந்து கேள்விதான். ஐஸ்கிரீம் தின்றால் நெற்றி ஏன் வலிக்கிறது, கண்ணாடி மூடிக்கு வெளியே ஏன் வேர்க்கிறது என்று ஆரம்பித்து, பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் ஒரே கேள்வியில் வந்து நின்றுவிட்டாள். சினிமா எடுக்கிறவர்கள் முதலில் எங்கே போய்ச் சேருகிறார்கள்?

தூரத்தில், தலைநகரத்தில் இருக்கும் திரைப்படப் பள்ளிக்கு விண்ணப்பித்தாள். பரீட்சை எழுதினாள். அதன்பின் ஒரு நாள் காலை, அம்மாவும் அவளும் காகிதக் கோப்பைகளில் ஐஸ்கிரீம் நிரப்பிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து போன் வந்தது. மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. அங்கே போக வேண்டிய கோப்பைகள் அவை.

அவள் பேசி முடித்துவிட்டு வந்து மறுபடி கரண்டியை எடுத்தாள்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"இடம் இருக்காம். ஆனா டைரக்‌ஷன் ஃபுல்லாயிடுச்சாம். கேமரா, எடிட்டிங், சவுண்டு, இந்த மூணுல எது வேணும்னு நாளைக்குக் காலையில சொல்லணுமாம். சொல்லலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"டைரக்‌ஷன்தானே நீ கேட்டே?"

"ஆமா."

"அது இல்லைன்னா அவ்வளவு தூரம் எதுக்குடி போகணும்? துணிக்கடைக்குப் போய், கேட்ட கலர் இல்லைன்னா குடுத்த கலரை வாங்கிட்டா வருவோம்?"

"நீதான் அப்படி வாங்கிட்டு வருவே. உன் பச்சைப் புடவை?"

"அது நல்ல பச்சை" என்றாள் அம்மா. "கோப்பையைத் தட்டி வை. உள்ள ஓட்டை விழுது பாரு."

இதைவிட நன்றாகப் பேசியிருக்கலாம். ஆனால் அன்றைக்குக் கடையில் படப்பிடிப்பு. ஏற்பாடு செய்தவர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. இரண்டு தெரு தள்ளி ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். யாரோ தெரிந்தவர் மூலமாக ஒரு படக்குழு, பழைய மாதிரி ஐஸ்கிரீம் கடை ஒன்று தேடுகிறது என்று கேள்விப்பட்டு, அக்கா கடையைக் காட்டிவிட்டார். அவருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. மருமகள் ஒரு நாள் முழுக்கப் படப்பிடிப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தால், அது எவ்வளவு சலிப்பான வேலை என்று தெரிந்துகொண்டு தன் ஸ்டூடியோவுக்கே வந்துவிடுவாள்.

வேன் வந்தது. விளக்குகள், கறுப்புத் துணிகள், சுருள் சுருளாகக் கேபிள். காட்சி இவ்வளவுதான்: கடைக்குள் ஒரு மேஜை, ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தங்கை எதிரெதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறார்கள். இதை எடுக்க இருபது பேர். குடைச்சல் ஓரமாக நின்று ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாள். டைரக்டர், நடிகர் காதில் ஏதோ சொன்னார். கேமராக்காரர் கண்ணாடி மூடியில் விழுந்த வெளிச்சத்தோடு மல்லுக்கட்டினார். எல்லாரும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் எதையும் பார்க்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கடை நடுவில் நின்றிருந்தாள். குழுவில் எல்லாரும் அவளைச் சவுண்டு அக்கா என்றார்கள்.

கண்ணைத் திறந்து, "அந்த உறுமல் எங்கேருந்து வருது?" என்றாள்.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "எந்த உறுமல்?"

"இதோ, இது. ம்ம்ம்னு."

"அப்படி ஒண்ணும் கேக்கலையேம்மா."

சவுண்டு அக்கா ஹெட்போனைக் கழற்றிக் குடைச்சலின் தலையில் மாட்டினாள். குடைச்சல் திடுக்கிட்டுப் போனாள். கடைக்குள்ளேயே ஒரு லாரி உறுமிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது.

"நம்ம ஃப்ரீசர்ப்பா!" என்று கத்தினாள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காது தனியாக வேலை செய்வதில்லை. மாறாமல் ஒரே சீராக வருகிற சத்தத்தை, 'இது நமக்கு வேண்டாம்' என்று மூளை தள்ளி வைத்துவிடும். மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதற்கு நடிகரும் ஒன்றுதான், கம்ப்ரசரும் ஒன்றுதான். மெதுவாகப் பேசுகிற வசனத்தின் மேல் உறுமல் படிந்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே ஃப்ரீசர்களை நிறுத்த வேண்டும்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒத்துக்கொண்டாள். மூடி திறக்காமல் இருந்தால் பெட்டி ஃப்ரீசர் அரை நாள் தாக்குப் பிடிக்கும் என்று அவளுக்கே தெரியும்.

"யாரும் சுவிட்சைத் தொடாதீங்க. நானே நிறுத்தினேன், நானே போடுறேன். என் பொறுப்பு" என்றாள் சவுண்டு அக்கா. அம்மா உள்ளே போனதும், வேன் சாவியை எடுத்து, பெட்டி ஃப்ரீசரின் மூடியைக் கொஞ்சம் தூக்கிக் கோப்பைகளின் மேல் வைத்து மூடினாள்.

"எதுக்குக்கா?" என்றாள் குடைச்சல்.

"நான் மறதிக்காரி. வேலை முடிஞ்சா எல்லாரும் பறப்பாங்க, ஃப்ரீசர் ஞாபகமே வராது. ஆனா சாவி இல்லாம வேன் நகராது இல்ல? சாவியைத் தேடிக்கிட்டு இங்கதான் வந்தாகணும். மூடியைத் திறந்ததும் ஞாபகம் வந்துடும்."

"இது நீங்களே கண்டுபிடிச்சதா?"

"எங்க தொழில்ல பாதிப்பேர் இதைத்தான் செய்வாங்க. மீதிப்பேர் யார் வீட்டு மீனையாவது அழுகவிட்டவங்க."

குடைச்சல் சிரித்தாள். பிறகு தன் கேள்வியைக் கேட்டாள். "நீங்க முதல்ல எங்கக்கா சேந்தீங்க?"

"கேமராவுக்குத்தான் போனேன். அங்க இடமில்ல. கேபிள் சுத்த ஒரு ஆள் வேணும்னாங்க. சுத்தினேன்."

"பிடிச்சு வந்தீங்களா, மாட்டிக்கிட்டு வந்தீங்களா?"

"அதை நான் இன்னும் யோசிக்கல. நகரு, மைக்ல உன் மூச்சு விழுது."

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

மத்தியானம் எல்லாரும் வெளியே சாப்பிடப் போனபோது அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோப்பைகள் எப்படி இருக்கின்றனவோ. ஒரே ஒரு நொடி என்று மூடியைத் தூக்கினாள். குழந்தைகள் சாப்பிடப்போகிற கோப்பைகளின் மேல், கண்ட கைகளும் பட்ட சாவி. அம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கடையில் மோதிரம் போட்ட கையால்கூடக் கரண்டியைத் தொடக் கூடாது. இந்தக் கூத்தாடிக் கூட்டத்தில் எவனோ கைமறதியாக வைத்திருக்கிறான் என்று முணுமுணுத்தபடி சாவியை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வாசல் ஆணியில் மாட்டினாள். யாருக்கோ உதவி செய்த திருப்தியோடு உள்ளே போய்ப் படுத்தாள்.

காட்சி முடிந்ததும் சவுண்டு அக்கா கையைத் தூக்கினாள். "ஒரு நிமிஷம் யாரும் அசையாதீங்க. ரூம் எடுத்துக்கறேன்."

பேச்சில்லாத அறையைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு அறையின் அமைதியும் ஒவ்வொரு மாதிரி. சுவர், கூரை, திறந்த ஜன்னல், தூரத்துத் தெரு எல்லாம் சேர்ந்த ஒரு கலவை அது. வசனங்களுக்கு இடையில் இருக்கும் இடைவெளியில் அதை ஒட்டாவிட்டால், படம் பார்க்கிறவர்களுக்கு அங்கங்கே காது திடீரென்று அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். இருபது பேரும் அப்படியே நின்றார்கள். அப்பாவும், கல்லாப் பக்கத்தில், தும்மலை அடக்கிக்கொண்டு நின்றார்.

அதன்பின் ஒரே பரபரப்பு. வெளிச்சம் போவதற்குள் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். "வேன் சாவி எங்கடா?" என்று, வைத்த இடமே மறந்துபோய், சவுண்டு அக்கா வாசலில் இருந்தே கத்தினாள். "ஆணியில தொங்குதுக்கா!" என்றான் ஒருவன். அவள் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். வேனில் கேபிள் ஏற்றிக்கொண்டிருந்த குடைச்சலுக்கு இது எதுவும் கேட்கவில்லை. வேன் போய்விட்டது. அன்றைக்குக் கடை விடுமுறை. அப்பா கதவை இழுத்து மூடினார்.

சாயங்காலம் மாமா வந்தார். ரொட்டியும் தேநீரும் வைத்துக்கொண்டு நால்வரும் உட்கார்ந்தார்கள்.

"எப்படி இருந்துச்சு ஷூட்டிங்? கால் வலிச்சுதா?" என்றார் மாமா.

"நல்லா இருந்துச்சு மாமா."

"பொய் சொல்றா அத்தான். ரெண்டு பேர் பேசறதை எடுக்க ஒரு பகல். அந்த நேரத்துல நான் ஒரு கல்யாணத்தையே முடிச்சுப் பந்திக்கும் போய்ட்டு வந்திருப்பேன்." குடைச்சலின் பக்கம் திரும்பினார். "இங்க பாரு. ஒரு வருஷம் என்கிட்ட இரு. முதல் மாசமே கேமராவைக் கையில தர்றேன். அங்க போனா ரெண்டு வருஷம் போர்டுல படம் வரைஞ்சுதான் காட்டுவான். அடுத்த வருஷம் டைரக்‌ஷன் கிடைச்சா போயேன், யாரு வேணாங்கறது?"

"உங்க வீடியோவுல யாருமே பேச மாட்டாங்களே மாமா."

"பேசறாங்களே."

"வாய் அசையும். மேல பாட்டு ஓடும். நீங்களே ஒட்டிப் பாட்டுப் போட்ட உங்க கல்யாண வீடியோவுலகூட, கிளம்பறப்போ அத்தை காதுல அவங்கப்பா ஏதோ சொல்வாரு. என்ன சொன்னாருன்னு கேட்டதுக்கு, பாட்டு நல்லாத்தானே இருக்குன்னீங்க."

மாமா ரொட்டியைத் தேநீரில் முக்கினார். "அது சோக சீன்மா. பாட்டுதான் போடணும்."

"என்னதான் சொன்னாரு?"

"எனக்கென்ன தெரியும்? உங்க அத்தையும் சொல்ல மாட்டேங்கறா."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "ஒரு டிகிரி முடிச்சுட்டு அப்புறம் எங்க வேணா போகட்டுமே. இங்க இருந்தே." இதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார், எப்போதும் அது அதட்டலாகத்தான் வரும். இன்றைக்கு என்னவோ கெஞ்சல் மாதிரி வந்தது. அவருக்கே அது விநோதமாக இருந்திருக்க வேண்டும். தேநீரைக் கீழே வைத்தார். "நீ அங்க போய்ட்டா சாயங்காலத்துல கல்லாப் பக்கம் நின்னு யாரு என்னைக் குடைவா?"

அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டியது. அலமாரியில் கடிகாரம் நகர்ந்தது.

"அந்தக் கடிகாரம் சத்தம் போடுமா?" என்றாள் அம்மா.

"புதுசா வாங்கினதா அக்கா?"

"நம்ம கல்யாணத்துக்கு வந்தது" என்றார் அப்பா, மெதுவாக.

குடைச்சல் எழுந்து நின்றாள். எப்படி எல்லாருக்கும் எல்லாம் கேட்கிறது? அப்பா எப்படி இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்? கையைப் பின்சுவரில் வைத்துப் பார்த்தாள். சுவர் சும்மா இருந்தது.

"அம்மா! ஃப்ரீசர் ஓடல!"

நால்வரும் கடைக்குள் ஓடினார்கள். கண்ணாடி மூடி போட்டது முழுக்கப் போய்விட்டிருந்தது. கண்ணாடி சூட்டை உள்ளே விடும். ஆறு வகையும் ஆறு தொட்டியில் வண்ண வண்ணப் பாலாகத் தளும்பின. அம்மா நெஞ்சில் கை வைத்தபடி பெட்டி ஃப்ரீசரைத் திறந்து, மேல் வரிசையில் ஒரு கோப்பையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். லேசாக அமுங்கியது. அடி வரிசையில் கைவிட்டு இன்னொன்றை எடுத்து அழுத்தினாள். கல். அடுத்த பெட்டியிலும் அப்படியே.

"இதெல்லாம் தப்பிச்சுது" என்றாள். "மேல் வரிசையை மட்டும் திரும்பப் போடணும். அந்தப் பொம்பள, என் பொறுப்புன்னு சொல்லிட்டு..."

"அதுக்குத்தானேம்மா அவங்க சாவியை உள்ள வச்சாங்க. எடுக்க வந்தா ஞாபகம் வரும்னு."

அம்மாவின் கை கோப்பையோடு அப்படியே நின்றது. "எந்தச் சாவி?"

"வேன் சாவி. கோப்பை மேல வச்சாங்களே."

"அது... வேணும்னேவா வச்சா?"

மாமாதான் முதலில் சிரித்தார். "அக்கா, கழுவினியா?"

"சோப்புப் போட்டு" என்றாள் அம்மா, ஈனக்குரலில்.

அப்போது அப்பாவின் போன் அடித்தது. எதிர்முனையில் சவுண்டு அக்கா. கடை நிசப்தமாக இருந்ததால் அவள் பேசியது நால்வருக்கும் கேட்டது. "அண்ணே, ஃப்ரீசர் ஓடுதா? இப்பத்தான் உறைச்சுது. சாவியை எடுக்கறப்போ கை சில்லுனே இல்லண்ணே!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கும்மா. பெரிசா ஒண்ணும் போகல. தப்பு எங்க பக்கமும் இருக்கு" என்று வைத்தார். உடனே சுவிட்சுப் பலகையின் பக்கம் கையை நீட்டினார்.

"அப்பா, ஒரே ஒரு நிமிஷம்!"

"என்னடி?"

"போடாதீங்க. ரூம் எடுத்துக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? இங்க எல்லாம் உருகுது."

"இனிமே இது எப்பப்பா நிக்கும்? நம்ம வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அப்பாவின் விரல் சுவிட்சிலேயே இருந்தது. அம்மா ஃப்ரீசரின் மூடியைச் சாத்தினாள்.

"விடுங்க. நான் பண்ணி வச்சதைவிட ஒரு நிமிஷம் அதிகமா என்ன பண்ணிடும்."

வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருந்த நிலைப்படியில் குடைச்சல் போனில் பதிவைத் தட்டிவிட்டு வைத்தாள். பகலில் படக்குழு நின்ற மாதிரியே நால்வரும் அசையாமல் நின்றார்கள். மாமா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அம்மா ஃப்ரீசர் பக்கம் திரும்பி நின்றாள். குடைச்சல், சவுண்டு அக்கா மாதிரியே, கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு நிமிடம் ஆனதும் தலையசைத்தாள். அப்பா சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். முதலில் ஒரு குலுங்கல். பிறகு கனத்த குரலில் ஒன்று, அதற்குக் கொஞ்சம் மேலே ஒன்று, கண்ணாடிப் பெட்டி மட்டும் மூக்கால். மூன்றும் மூன்று சுருதி. பதினேழு வருடம் அதோடு தூங்கியவளுக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

"குடு, அதுல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்" என்று மாமா, அவள் தன் போனில் செருகிய ஹெட்போனை வாங்கி மாட்டினார். நின்றுகொண்டே கேட்டார். பிறகு உட்கார்ந்து கேட்டார்.

"ஒண்ணுமே இல்லையே. குழாய் சொட்டுது. கடிகாரம். அத்தான் மூச்சு விடறாரு." கொஞ்சம் முன்னால் குனிந்தார். "அக்கா, நீ அழுதியா?"

"யாரு?"

"மூக்கை உறிஞ்சறது கேக்குதே. ரெண்டு தடவை."

குடைச்சல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணாடி மூடியைத் துணியால் அழுத்தித் துடைத்தாள்.

"ஐஸ்கிரீம் போச்சேன்னு அழுதேன். ஆறு தொட்டி. அழமாட்டாங்களா?" உறுமலுக்கு மேலே குரலை எடுத்துத்தான் சொன்னாள்.

"ஒரு பாட்டுப் போட்டுடவா அக்கா?" என்றார் மாமா. அவர் ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்க அத்தையோட அப்பா என்ன சொல்லியிருப்பாருன்னு இன்னிக்குப் போய்க் கேக்கணும்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

மறுநாள் காலையில், கோப்பைகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, குடைச்சல் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குக் கிளம்பினாள்.

"எங்கடி போறே?"

"உள்ள கேக்காதும்மா. சத்தம்."

"தெருவுல மட்டும் லாரி ஓடலையா? இங்கயே நின்னு பேசு."

அம்மா சுவிட்சுப் பலகைக்குப் போய் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிறுத்தினாள். பிறகு இடுப்பில் இருந்த கடைச்சாவியை எடுத்து, குழாயில் காட்டிக் கழுவி, துடைத்து, ஒரு புதுக் காகிதக் கோப்பையில் போட்டு மூடி வைத்து அழுத்தி, ஃப்ரீசரைத் திறந்து உள்ளே வைத்தாள்.

கடை அமைதியானது. எதிர்முனையில் ஒரு குரல், டைரக்‌ஷனுக்குக் காத்திருப்போர் வரிசையில் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டது.

"வேண்டாங்க" என்றாள் குடைச்சல். கத்தத் தேவை இருக்கவில்லை. "சவுண்டு போட்டுக்குங்க."

"பேசிட்டியா?" என்றாள் அம்மா, ஃப்ரீசரில் கை வைத்தபடி.

"பேசிட்டேன்."

அம்மா உடனே திறக்கவில்லை. கடிகாரம் சுவருக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுவிட்டு, மூடியைத் தூக்கிச் சாவியை எடுத்தாள்.

"சில்லுனுதான் இருக்கு" என்று சொல்லி, அதை மகளின் கன்னத்தில் வைத்தாள்.